பேனாக்கத்தியும் ஒரு பழைய கடனும்

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். பழைய பாடக்குறிப்பு நோட்டுகள், சில வகுப்புப் புகைப்படங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் துணியில் சுற்றிய ஒரு மடக்குக் கத்தி. கறுத்துப்போன அலகு, எருமைக்கொம்புப் பிடி, உள்ளே இரண்டு பக்கமும் பித்தளைத் தகடு. பார்த்தவுடனே யாருடையது என்று தெரிந்துவிட்டது. 1986-ல் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனிடமிருந்து நான் பிடுங்கி வைத்தது. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் பேரனிடமும் ஒரு கத்தி இருக்கிறது. இணையத்தில் வாங்கியது, சாவிக்கொத்தில் தொங்குவது, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அலகு இரண்டு பக்கமும் ஆடுகிறது, மாங்காய் நறுக்கினால் சறுக்குகிறது. நான் பெட்டிக் கத்திக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திறந்தேன். 'டக்' என்று போய் நின்றது. பேரன் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, துருப்பிடிச்ச கத்தியைப் போய் நல்ல கத்திங்கிறீங்களே?"

நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் பெயர். இந்தச் சிறு மடக்குக் கத்தியை நாம் பேனாக்கத்தி என்போம். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்? பேனா என்ற சொல் போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்தது. அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்று பொருள். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வாத்து இறகைச் சீவித்தான் எழுதினார்கள். நாலு பக்கம் எழுதினால் நுனி மழுங்கிவிடும், மறுபடி சீவ வேண்டும். அதற்கென்று சட்டைப் பையில் வைத்திருந்த கத்திதான் பேனாக்கத்தி. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் இறகுப் பேனாக்களைச் சீவிக் கொடுப்பது வாத்தியாரின் வேலை. அந்தக் காலத்து வாத்தியாருக்குக் கையில் கத்தி இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை.

நமக்கும் இது புதிதல்ல. ஓலையில் எழுதிய நம் முன்னோர் மடக்கெழுத்தாணி என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு முனையில் எழுத்தாணி, மறு முனையில் ஓலை வாரச் சிறு கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். எழுத்து எங்கே இருந்ததோ அங்கே பக்கத்திலேயே ஒரு சிறு கத்தியும் இருந்தது.

இந்தக் கத்தியைப் பிரித்துப் பார்த்தால் உறுப்புகள் மிகக் குறைவு. ஓர் அலகு. அதன் முதுகில் அழுத்திக்கொண்டிருக்கும் ஒரு வில், அதாவது ஸ்பிரிங். இரண்டு தகடு, இரண்டு பிடிப்பட்டை, மூன்று நான்கு ஆணி. அவ்வளவுதான். ஆனால் அலகு மடங்கும்போதும் நிமிரும்போதும் அந்த வில் வளைந்து வளைந்து திரும்ப வேண்டும். ஆயிரம் தடவை வளைந்தாலும் ஒடியக் கூடாது, தளரவும் கூடாது. அலகோ வளையவே கூடாது, கூர் நிற்க வேண்டும்.

இரண்டையும் ஒரே எஃகில் செய்யலாம். வித்தியாசம் பதத்தில்தான். சிவக்கக் காய்ச்சிய எஃகைச் சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் கண்ணாடி போலக் கடினமாகிவிடும், கீழே விழுந்தால் ஒடியும். நம் பட்டறைகளில் இதைத் தோய்ச்சல் என்பார்கள். பிறகு மறுபடி இளஞ்சூடு காட்டி அந்த முறுக்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தேய்த்து வெளுப்பாக்கிய எஃகின் மேல் அப்போது நிறங்கள் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். அலகை மஞ்சளில் நிறுத்த வேண்டும். வில்லை நீலம் வரை விட வேண்டும். சில நொடி தவறினால் அலகு மொக்கையாகும், அல்லது வில் முறியும். இந்த வேலை கத்தியின் மேல் கண்ணுக்குத் தெரியாது. கடையில் இரண்டு கத்தியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நல்லது எது, கெட்டது எது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

இந்தத் தொழிலுக்கு உலகமெங்கும் பேர்போன ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. 14-ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதிய கதையிலேயே ஒரு மாவாலைக்காரன் ஷெஃபீல்டுக் கத்தியைக் காலுறையில் செருகிக்கொண்டு வருகிறான். சக்கரம் சுற்ற ஆறுகள் இருந்தன, சாணைக்கு ஏற்ற மணற்கல் மலைகளில் கிடைத்தது. நல்ல இரும்பு மட்டும் சுவீடனிலிருந்து கப்பலில் வந்தது. 1624-ல் கத்தி செய்வோருக்கென்று சட்டப்படி ஒரு சங்கம் அமைந்தது. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு முத்திரை. கண்ணுக்குத் தெரியாத தரத்துக்கு அந்த முத்திரைதான் சாட்சி. ஜோசஃப் ராட்ஜர்ஸ் என்ற நிறுவனத்தின் நட்சத்திரமும் சிலுவையும் உலகத்தின் எல்லாத் துறைமுகங்களிலும் பழக்கமானவை. 1822-ல் அவர்கள் 1,822 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து காட்டினார்கள்!

ஆனால் அந்த ஊருக்கும் எஃகில் ஒரு குறை நெடுநாள் இருந்தது. இரும்புப் பட்டையைக் கரித்தூளோடு கற்பெட்டியில் அடைத்து நாள்கணக்கில் காய்ச்சுவார்கள். கரி மெல்ல இரும்புக்குள் ஏறும். மேல்புறம் நிறைய ஏறும், நடுவில் குறைவாக ஏறும். அப்படிப்பட்ட எஃகில் செய்த கத்தி ஓரிடத்தில் கூராகவும் ஓரிடத்தில் மொக்கையாகவும் இருக்கும். கடிகாரம் செய்யும் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவருக்கு இதனால் பெரிய தொல்லை. கடிகார வில் சீராக இல்லாவிட்டால் நேரமே தப்பிவிடும். அவர் 1740-களில் ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் குடியேறி, அந்த எஃகை மண் மூசையில் போட்டு முழுதாக உருக்கி வார்க்கும் வழியைக் கண்டார். உருகியதால் கரி எங்கும் சமமாகக் கலந்தது. உள்ளூர்க் கத்திக்காரர்கள் முதலில் அதை வாங்க மறுத்தார்கள். அடிக்கக் கடினமாக இருக்கிறதாம்! பிரெஞ்சுக்காரர்கள் வாங்கி நல்ல கத்தி செய்து அங்கேயே கொண்டுவந்து விற்ற பிறகுதான் இவர்களும் வழிக்கு வந்தார்கள்.

மூசை எஃகு ஐரோப்பாவுக்குத்தான் புதிது. தென்னிந்தியாவில் அது ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழக்கம். நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் உலைகளும் மூசைகளும் கிடைத்திருக்கின்றன. சேலம் பக்கத்தில் இதைச் செய்த முறை 19-ஆம் நூற்றாண்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தேனிரும்புத் துண்டையும் ஆவாரங்கட்டைச் சிம்புகளையும் சிறு மண் மூசைக்குள் போட்டு, எருக்க இலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைத்துவிடுவார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவார்கள். வேலியோரத்து ஆவாரையும் எருக்கும்தான் கரியைக் கொடுத்தன. மூசையை உடைத்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் எஃகுக் கட்டி. வெள்ளைக்காரர்கள் அதை 'வூட்ஸ்' என்றார்கள். கன்னடத்து 'உக்கு', நம் 'உருக்கு' ஆகிய சொற்களோடு சேர்ந்த பெயர் அது என்பது பலரும் ஏற்றது.

1790-களில் அந்தக் கட்டிகள் சில பம்பாயிலிருந்து லண்டனில் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசஃப் பேங்ஸுக்குப் போய்ச் சேர்ந்தன. அதிலிருந்து ஒரு பொருள் செய்து பார்க்கச் சொன்னார் தலைவர். என்ன பொருள் தெரியுமா? ஒரு பேனாக்கத்தி!

செய்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். அறுவை மருத்துவக் கருவிகள் செய்பவர். இந்த எஃகில் கரி மிகுதி. வழக்கம்போல வெளுக்கக் காய்ச்சி அடித்தால் நொறுங்கிவிடும். இருட்டில் மட்டும் கண்ணுக்குத் தெரியும் மங்கிய சிவப்பில் வைத்துப் பொறுமையாக அடித்தார். வேலை கடினம்தான், ஆனால் கூர் அங்கேயுள்ள மிகச் சிறந்த எஃகுக்கு இணையாக நின்றது. பல வேலைகளுக்கு இங்கிலாந்தின் எஃகைவிட இதுவே மேல் என்பது அவர் கருத்து. ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவர் இதையெல்லாம் 1795-ல் ராயல் சொசைட்டிக்கு அளித்த ஆய்வுரையில் பதிவு செய்தார். பிறகு அதே ஸ்டோடார்டோடு சேர்ந்து இந்த எஃகின் ரகசியத்தைத் தேடியவர் மைக்கேல் ஃபாரடே. ஆமாம், இயற்பியலில் நீங்கள் படித்த ஃபாரடேதான். அவர் அப்பா ஒரு கொல்லர். அவர்கள் நினைத்த காரணம் தவறிவிட்டது, ஆனால் எஃகில் வேறு உலோகங்களைக் கலந்து பார்க்கும் ஆராய்ச்சிக்கு அது ஒரு நல்ல தொடக்கம்.

இன்னொரு கதையும் உண்டு. கும்பினி அதிகாரியாகச் சேலத்தில் இருந்த ஜோசையா ஹீத், உள்ளூர் இரும்பைப் பார்த்து மயங்கி, வேலையை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். ஆலை சரியாக ஓடவில்லை. இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு உள்நாட்டு மலிவு இரும்பிலிருந்தே நல்ல வார்ப்பு எஃகு செய்ய முடிந்தது. ஷெஃபீல்டு முழுதும் லாபம் பார்த்தது. ஹீத் மட்டும் வழக்குக்கு மேல் வழக்காக அலைந்து, பணமில்லாமல் இறந்துபோனார்.

லாபத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அலகைச் சாணை பிடிப்பவர்கள் நாளெல்லாம் கல்தூசியையும் எஃகுத்தூசியையும் சுவாசித்தார்கள். ஈரம் இல்லாமல் உலர்சாணை பிடிப்பவர்கள் 35 வயதைத் தாண்டுவது அரிது, ஈரச்சாணைக்காரர்கள் 45-ஐத் தாண்டுவது அரிது என்று நைட் என்ற உள்ளூர் மருத்துவர் எழுதினார். எங்கெல்ஸ் தன் 1845-ஆம் ஆண்டு நூலில் இதை எடுத்தாண்டிருக்கிறார். அவர்களில் மிகுதியாகக் குடிப்பவர்களே அதிக நாள் வாழ்ந்தார்களாம். ஏன்? குடித்துவிட்டு வேலைக்கு வராத நாள்களில் தூசி உள்ளே போகாது. பிரான்சில் தியே என்ற கத்தி ஊரில் சாணைக்காரர்கள் சக்கரத்துக்கு மேல் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஆற்றுக் குளிர் தாங்காமல் கால்களின் மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்கள். பையில் போட்டுக்கொள்ளும் ஒரு சிறு பொருளுக்குப் பின்னால் இத்தனை பேர்.

போலியும் உடனே வந்தது. ஜெர்மனியில் செய்த மட்டமான கத்திகளில் ஷெஃபீல்டு என்று பொறித்து விற்றார்கள். அந்தப் புகாரும் சேர்ந்துதான் 1887-ல் வணிக முத்திரைச் சட்டம் வந்தது. இன்று எல்லாப் பொருளிலும் 'எந்த நாட்டில் செய்தது' என்று தேடிப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர்களில் ஒன்று இது.

இப்போது பேரனின் துருக் கேள்விக்கு வருகிறேன். 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி ப்ரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் உள்ளே தேயாமலிருக்க எஃகு தேடிக்கொண்டிருந்தார். அவர் அப்பா எஃகு உருக்கும் தொழிலாளி. 12.8 சதவீதம் குரோமியம் கலந்த ஒரு வார்ப்பை அமிலம் அரிக்கவில்லை என்று கண்டார். குரோமியம் காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகி எஃகை மூடிக்கொள்கிறது. அதனால் துரு ஏறுவதில்லை. அதுதான் ஸ்டெயின்லெஸ். ஆனால் முதலில் செய்த கத்திகள் கேலிக்கு ஆளாயின. பழைய முறையிலேயே காய்ச்சி, பழைய முறையிலேயே தோய்த்தார்கள், கூர் வரவில்லை. 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று ப்ரியர்லியைக் கிண்டல் செய்தார்கள். புதிய எஃகுக்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் அது கத்தியாயிற்று. துருப்பிடிக்காமல் இருப்பது ஒரு குணம். வெட்டுவது வேறு குணம். ஒன்று இருப்பதால் மற்றொன்றும் இருக்கும் என்று பொருளில்லை.

நல்ல ஸ்டெயின்லெஸ் கத்தி இல்லாமலில்லை. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1884-ல் பட்டறை தொடங்கி, 1891-ல் தன் நாட்டுச் சிப்பாய்களுக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். 1897-ல் இரண்டே வில்லில் ஆறு கருவிகளை நிறுத்தும் அமைப்பைப் பதிவு செய்தார். 1909-ல் இறந்த தன் தாய் விக்டோரியாவின் பெயரை நிறுவனத்துக்கு வைத்தார், 1921-ல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லும் அதனோடு சேர்ந்தது. அதுதான் விக்டோரினாக்ஸ். மிகக் கடினமான எஃகு அல்ல அது. சீக்கிரம் மழுங்கும், ஆனால் எவரும் வீட்டுக் கல்லிலேயே தீட்டிவிடலாம். துரு வராது, ஒடியாது. சிப்பாய்க்கு அது போதும் என்று கணக்குப் போட்டுச் செய்தது.

அதே காலத்தில், 1890-ல், பிரான்சின் சவுவா மலைநாட்டில் ஜோசஃப் ஓபினெல் வேறு வழியில் போனார். ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஓர் உலோக வளையம். வில்லே கிடையாது. 1955-ல் அலகைப் பூட்ட இன்னொரு சுழலும் வளையம் சேர்ந்தது. கரி எஃகு அலகு கறுக்கும், துடைத்து வைக்காவிட்டால் துருவேறும். ஈரம் பட்டால் மரம் உப்பித் திறக்கக் கஷ்டமாகும். ஆனால் வெட்டினால் வெட்டும். ஏழை விவசாயி வாங்கும் விலைக்குச் செய்த கத்தி. இரண்டு கத்தியும் மலிவுதான், இரண்டும் நேர்மையானவை. எதை விட்டுக்கொடுத்தோம் என்று செய்தவருக்குத் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

பேரன் வாங்கியதில் அந்த நேர்மைதான் இல்லை. பெட்டியின் மேல் ஸ்டெயின்லெஸ் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. எந்த எஃகு, எந்தப் பதம் என்று ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் வாங்கும்போது கத்தியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வில்லுக்கும் தகடுக்கும் நடுவே வெளிச்சம் கசியக் கூடாது. திறந்து, அலகின் நுனியைப் பிடித்து மெல்ல அசையுங்கள், ஆடக் கூடாது. மடக்கும்போது கூர் வில்லின் மேல் மோதக் கூடாது. திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் படிப்பு தேவையில்லை.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் பெட்டியிலிருந்த கத்திக்கும் செய்து பார்த்தேன். எதிலும் தோற்கவில்லை.

இனி அந்தக் கதை. அந்தப் பையனின் அப்பா பட்டறை வைத்திருந்தவர். வகுப்பில் அவன் இந்தக் கத்தியால் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். நான் பிடுங்கினேன், திட்டினேன், அப்பாவைக் கூட்டி வரச் சொன்னேன். மறுநாள் அவர் வேலையைப் போட்டுவிட்டு வந்து வாசலிலேயே நின்றார். "பென்சில் சீவத்தான் ஐயா செஞ்சு குடுத்தேன். லாரிப் பட்டையில அடிச்சது" என்றார். "கடையில் பென்சில் துருவி விற்கிறது, வாங்கிக் கொடுங்கள். பள்ளிக்கூடத்துக்குக் கத்தியா?" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லி அனுப்பிவிட்டேன். கத்தியை வகுப்பில் அனுமதிக்காதது சரி. இன்றும் அதையே செய்வேன். ஆனால் அந்தக் கத்தியை நான் ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை. ஆண்டு முடிவில் தருகிறேன் என்று சொன்னதையும் மறந்துவிட்டேன். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கத்தியை எங்கள் தெருக்கோடிப் பட்டறைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். துருவை எடுத்துவிட்டு, அலகை நகத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு தடவை திறந்து மூடினார். "தோய்ச்சல் நல்லா விழுந்திருக்கு சார். வாய்க்கு ஒரு பதம், வில்லுக்கு ஒரு பதம் தனித்தனியா குடுத்திருக்கான். உள்ளே பித்தளை போட்டதால வேர்வை பட்டாலும் தகடு துருவேறாது. விக்கிறதுக்குச் செஞ்சதில்ல இது, வீட்டுக்குச் செஞ்சது" என்றார். சாணையில் கொடுக்க வேண்டாம், கல்லில் நாலு இழுப்பு போதும் என்று அவரே தீட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்புரட்சி நடத்தினேன். ஹன்ட்ஸ்மன் பெயரைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! மேசை இழுப்பறையில் ஒரு கொல்லர் தன் மகனுக்காக அடித்த கத்தி கிடந்ததை மட்டும் பார்க்கவில்லை.

பெயரை இங்கே எழுதவில்லை. 1986-ல் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் இருந்தவர்களுக்கு யார் என்று தெரியும். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் பொதுவில் எழுதாமல் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அப்பா இருக்கிறார் என்றால் இன்னும் நல்லது. தபாலில் அனுப்ப மாட்டேன். நானே போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்